பத்தியம் கெடுத்தவள்

கல்யாணமாகி ஆறு மாதத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. 1991, ஆடி மாதம். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது என் கணவரின் ஊர். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கம்பெனி மதில்களும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். அப்போது வேர்க்கடலைக் கொல்லைகள், ஏரி, ஏரிக்கரையில் ஒரு பொதுக் கிணறு. வேலைக்குப் போகிறவர்கள் மறைமலை நகருக்கோ தாம்பரத்துக்கோ பஸ் பிடித்துப் போவார்கள். என் கணவர் மறைமலை நகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். மாமனார் முன்பே இறந்துவிட்டார். வீட்டில் என் கணவர், அவருடைய அம்மா, ஐ.டி.ஐ. முடிக்கப்போகிற தம்பி, நான்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் நிறைய பேருக்கு ஜுரம். யாரும் பயப்படவில்லை. டைபாய்டு என்றால் கேப்சூல் இருக்கிறது, போட்டால் நாலைந்து நாளில் இறங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மருந்துக் கடையில் சீட்டு கேட்கமாட்டார்கள். சளி பிடித்தாலும் அந்தக் கேப்சூலில் இரண்டு வாங்குவார்கள், வயிறு போனாலும் இரண்டு. குணமானால் மிச்சத்தை எடுத்து வைப்பார்கள். என் மாமியார் அதற்கென்று ஒரு பவுடர் டப்பா வைத்திருந்தார். வீட்டுக் கோழிகள் தூங்கி விழுந்தபோது ஒரு கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி வைத்தார். ஒரு கோழி பிழைத்தது, ஒன்று செத்தது. "மருந்து நல்ல மருந்துதான். அதுக்கு ஆயுசு இல்ல" என்றார்.

எனக்கு ஜுரம் வந்தபோது வயிற்றில் மூன்றாம் மாதம். முதலில் மசக்கை என்றுதான் படுத்துக்கிடந்தேன். தலைவலியும் குளிரும் விடாமல் போகவே, மாமியார் படப்பையில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்தினார், டைபாய்டு என்றார். வழக்கமான கேப்சூலை எழுதினார். பத்தியம் சொன்னார். சோறு கூடாது, இட்லி கூடாது, காரம் கூடாது. கஞ்சித் தண்ணி, பார்லி, ரஸ்க், சாத்துக்குடிச் சாறு.

"குடல்ல புண்ணு இருக்கும். சோறு இறங்குச்சுன்னா ஓட்டை விழுந்துடும்" என்று மாமியாரிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

மாமியார் ஆரம்பத்தில் நன்றாகவே பார்த்துக்கொண்டார். நேரத்துக்குக் கேப்சூல் கொடுத்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். தெருவில் விசாரித்தவர்களிடம், "நாலு நாள்ல எயுந்து உக்காந்துக்குவா" என்றார். ஒரு வாரம் போனது, எழுந்து உட்காரவில்லை. இன்னும் சில நாள் போனது. சாயங்காலம் ஆனால் உடம்பு கொதித்தது. மறுபடியும் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"இந்த மருந்துக்குக் கேக்காத டைபாய்டு கிடையாதும்மா. ஒண்ணு, மருந்த ஒழுங்கா முழுங்கியிருக்கமாட்டாங்க. இல்ல, பத்தியத்த மீறி எதாவது சாப்பிட்டிருப்பாங்க."

"நான் எதுவும் சாப்பிடல டாக்டர்" என்றேன்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார் என்னோடு உட்காரவில்லை. முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்.

அன்றிலிருந்து என் வாயைத் திறந்து பார்க்கிற வேலை ஆரம்பித்தது. கேப்சூல் போட்டுத் தண்ணீர் குடித்ததும் "ஆ காட்டு" என்பார். நாக்கைத் தூக்கச் சொல்வார். கன்னத்துக்கு உள்ளே விரலை விட்டுத் துழாவுவார். அந்த விரலில் பூண்டு வாசம் அடிக்கும். எனக்குக் குமட்டும். வாந்தி வந்தால், "வேணும்னே எடுக்கற" என்பார். கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தால் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பார். தலையணைக்குக் கீழே தடவிப் பார்ப்பார். ஒருநாள் அங்கே ரஸ்க் துண்டு ஒன்று கிடைத்தது. ரஸ்க் அவர் கொடுத்ததுதான். அப்படியிருந்தும் அதை உள்ளங்கையில் வைத்துப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காட்டினார்.

நான் திருடி என்று அவர் முடிவு பண்ணியது இன்னொரு நாள். என் கொழுந்தன் காலையில் ஐ.டி.ஐ.க்குக் கிளம்புகிற அவசரத்தில் சமையலறைக்குள் போய், பானையில் இருந்த பழைய சோற்றை வெங்காயத்தோடு சாப்பிட்டான். மாமியார் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போகும்போது அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொள்வதற்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் சுவரோரம் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வந்தவன், "இன்னா அண்ணி, வேணுமா?" என்று சிரித்தான். கெட்ட பையன் இல்லை. எனக்குப் படிக்க வாரப் பத்திரிகையெல்லாம் வாங்கிவந்து கொடுத்திருக்கிறான்.

மாமியார் குடத்தோடு வந்து பானையைப் பார்த்தார். "சோறு இன்னா ஆச்சு?"

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றான். அம்மா கேட்டது அவன் காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் இருக்கும். அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை.

"தம்பிதான் சாப்பிட்டாரு அத்தை" என்றேன்.

"எம் புள்ள மேலியே பழி போடறியா?" என்று குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு என் முகத்தில் ஊற்றினார். ஜுரத்தில் அந்தத் தண்ணீர் உண்மையில் இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றமாட்டாரா என்று இருந்தது.

சாயங்காலம் அவன் வந்தபோது மாமியார் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் சாமியாரைக் கையோடு கூட்டிவந்தார் மாமியார். நாங்கள் கத்தோலிக்கர்கள். நோயாளிக்கு நன்மை என்கிற பூசை அப்பம் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் எழுந்து உட்கார்ந்து முக்காடு போட்டுக்கொண்டேன். மாமியார் அவரிடம் சொல்வது எனக்கும் கேட்டது.

"சாமி, பாவசங்கீர்த்தனத்துல நீங்களே கேளுங்க. எங்ககிட்ட பொய் சொல்றா. உங்ககிட்ட சொல்லமாட்டா."

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் என் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வயதானவர், நல்லவர். நான் ஒரு பெண்ணுக்கு இருக்கக்கூடிய சின்னச் சின்னப் பாவங்களைச் சொன்னேன். கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, "சோறு ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"இல்ல சாமி. மாதா மேல சத்தியமா இல்ல."

அவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு வெளியே போனார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. அது எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். வாசலில் மாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா சாமி சொன்னா?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. அவள நல்லா பாத்துக்குங்க" என்றார் அவர்.

மாமியார் உள்ளே வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. "இல்லன்னு சொல்லியிருந்தா சாமி சிரிச்சுக்கினே போயிருப்பாரு" என்று என் கணவரிடம் சொன்னார்.

என் கணவரைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அதிகம் இல்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார். ஓ.டி. இருந்தால் தாமதமாக வந்தார். என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். "இன்னும் சுடுது" என்பார். அம்மா என் வாயில் விரல் விட்டுத் துழாவும்போது வெளியே போய் நிற்பார். சாமியார் வந்துபோன மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் என்னை உடைத்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கோவப்படவும் மாட்டேன். தின்னியா?"

அந்த வீட்டில் என்னை நம்புகிறவர் ஒருவராவது இருக்கிறார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இனி யாருக்காக இல்லை என்று சொல்லவேண்டும் என்று தோன்றிவிட்டது. தலை வெடித்தது. தூங்கினால் போதும் என்று இருந்தது.

"தின்னேன்" என்றேன்.

"இன்னா தின்ன?"

அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "சோறு. கருவாட்டுக் கொயம்பு ஊத்தி" என்றேன். சொல்லும்போதே வாயில் எச்சில் ஊறியது.

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அது இன்னும் என் காதில் இருக்கிறது. எழுந்து போய் அம்மாவிடம் சொன்னார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றது ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அதற்கப்புறம் வீடே லேசாகிவிட்டது. மாமியார் என்னைத் திட்டக்கூட இல்லை. "இப்பவாச்சும் ஒத்துக்கினாளே" என்று தெருவில் சொன்னார். டாக்டரிடம் சொன்னபோது அவர், "அதான் பாத்தேன்" என்றார். அதே கேப்சூலை முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கச் சொன்னார். கஞ்சியை இன்னும் நீர்க்கக் காய்ச்சச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் எனக்குக் கரு கலைந்தது. பகல் நேரம். வீட்டில் மாமியாரும் நானும்தான். அவர் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து எல்லாம் செய்தார். வெந்நீர் வைத்தார், துணி மாற்றினார், ரத்தத்தை அலசினார். கை நடுங்காமல் செய்தார். எல்லாம் முடிந்து துணியைக் காயப் போட்டுவிட்டு வந்து என் கால்மாட்டில் நின்று, "ஒரு வாய் சோத்துக்கு ஒரு உசுரு" என்றார்.

என் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவளாகக் கேள்விப்பட்டு உத்திரமேரூரிலிருந்து வந்தபோது, மாமியார் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்து, நான் தின்றதையும் அதனால் பிள்ளை போனதையும் விவரமாகச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டி இப்படிப் பண்ண?" என்று அழுதாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜுரம் அதுவாகவே மெல்ல மெல்ல இறங்கியது. அந்தக் கேப்சூலால் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. உடம்பே போராடிப் பிழைத்திருக்கிறது. நான் எழுந்து நடக்க ஆரம்பித்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அப்போது கொழுந்தனுக்கு ஜுரம் வந்தது.

அதே டாக்டர். அதே கேப்சூல். அதே பத்தியம். ஆனால் இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாமியார் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கையாலேயே கஞ்சி ஊட்டினார். கேப்சூலை நாக்கில் வைத்து, தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அழுது பசிக்கிறது என்று கெஞ்சினான். "வேணாம் கண்ணு, அவ தின்னுதான் இன்னா ஆச்சு பாரு" என்றார். ஒரு பருக்கை அவன் வயிற்றில் இறங்கவில்லை. ஜுரமும் இறங்கவில்லை.

டாக்டர் வழக்கம்போலக் கேட்டாராம். மாமியார் அவர் மேஜையைத் தட்டிச் சொன்னாராம், "எம் புள்ள பொய் சொல்லமாட்டான்" என்று. அதற்குமேல் அந்த டாக்டருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

என் கணவர் லீவு போட்டார். வேன் பிடித்துச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணி துவைக்கவும் காபி வாங்கவும் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அது வருவதற்குள் ஒரு காலையில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வயிறு பலகையாகிவிட்டது. குடலில் ஓட்டை. அறுவை சிகிச்சைக்கு எடுத்துப்போனார்கள். வெளியே கொண்டுவந்தபோது மூக்கில் குழாய், வயிற்றில் குழாய். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல உதட்டை அசைத்தான். பழைய சோற்றைப் பற்றியா, தண்ணீர் கேட்டானா, தெரியாது. குனிந்து கேட்க நான் முயற்சிக்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்த அன்று வார்டு டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் நடைபாதைக்குக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத கண்.

"இது டைபாய்டுதான். ஆனா வழக்கமா குடுக்கற மருந்து எதுவும் இந்தக் கிருமியக் கொல்லாது. அந்தக் கேப்சூலெல்லாம் அதுக்குப் பழகிப்போச்சு. இப்பல்லாம் நிறைய பேர் இப்படித்தான் வராங்க. வேற மருந்து ஒண்ணு வந்திருக்கு, அத ஆரம்பிச்சிருக்கோம். கொஞ்சம் முன்னாடியே குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். வீட்ல வேற யாருக்காவது ஜுரம் வந்துச்சா?"

என் கணவர் என்னைக் காட்டினார். "இவங்களுக்கு வந்துச்சு மேடம். ரொம்ப நாள் இறங்கல. அது வந்து, பத்தியம் மீறி சாப்பிட்டுட்டாங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கும் மருந்து கேட்டிருக்காது, அவ்ளோதான். உண்மையில நல்லா சாப்பாடு குடுத்திருக்கணும். பட்டினி போட்டதுதான் தப்பு."

என் வாழ்க்கையில் எனக்காக யாரோ சொன்ன சாட்சி அது ஒன்றுதான். நான் மாமியாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புகூட வேண்டாம், ஒரு அசைவு.

டாக்டரம்மா போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ தின்னேன்னு சொன்னியே."

"ஆமா அத்தை."

"நெஜமா தின்னியா?"

"இல்ல."

"அப்ப பொய் சொன்ன."

நான் கையிலிருந்த காபித் தூக்கைக் கீழே வைத்தேன்.

"நீ தின்னலன்னே சொல்லிக்கினு இருந்திருந்தா மருந்துதான் வேல செய்யலன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். அந்த டாக்டரு அப்பவே கைய விரிச்சிருப்பாரு. எம் புள்ளைக்கு மொதல் நாளே இங்க வந்து வேற மருந்து குடுத்திருப்போம்." குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறவர் மாதிரி சொன்னார். "தின்னேன்னு பொய் சொல்லி எம் புள்ள கொடல ஓட்ட போட்டுட்டியே."

என் கணவர் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் எழுதியிருந்தது.

கொழுந்தன் அதற்கப்புறம் இரண்டு நாள் இருந்தான். புது மருந்து ஜுரத்தை இறக்கியது. ஆனால் வயிறு முழுக்க சீழ். அது அவனை விடவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். பெட்டியை மூடும்போது மாமியார் கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கைகாட்டி, மருந்து, கிருமி, பொய் எல்லாவற்றையும் சொல்லி ஒப்பாரி வைத்தார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான் ஏதோ செய்து கொன்றுவிட்டேன் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அவனுக்காக வரவில்லை, அவருக்காகவும் வரவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். சில மாதம் கழித்து என் கணவர் வந்து, மறைமலை நகரில் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். போனேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது ஒன்று. அவருக்கும் சமைத்துப்போட ஆள் இல்லை. அந்த ஆஸ்பத்திரி நடைபாதையைப் பற்றி அவராகப் பேசியதில்லை. நான் ஒருமுறை எடுத்தேன். "செத்தவன் செத்துட்டான், இப்ப எதுக்கு?" என்றார்.

ஊரில் புது மருந்தின் பெயர் பரவிவிட்டது. மாமியார்தான் பரப்பினார். எந்த வீட்டில் ஜுரம் என்றாலும், "பழைய கேப்சூல வாங்காத, எம் புள்ள அதாலதான் போனான், இந்த மாத்திரைய கேளு" என்பார். மருந்துக் கடையில் அதையும் சீட்டில்லாமல்தான் கொடுத்தார்கள். சளிக்கு இரண்டு, வயிற்றுப்போக்குக்கு இரண்டு. சில வருஷம் கழித்து என் பெண்ணுக்கு டைபாய்டு வந்தபோது அந்த மாத்திரையும் கேட்கவில்லை. நான் ஒரு வாரம்கூடக் காத்திருக்கவில்லை. படப்பை டாக்டரிடமும் போகவில்லை. தூக்கிக்கொண்டு தாம்பரம் போய் ஊசி போட்டுக் குணமாக்கிக் கொண்டுவந்தேன். சோறு குழைத்து ஊட்டினேன், அவள் போதும் போதும் என்கிறவரைக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு மட்டும் ஊருக்குப் போவோம். முதல் வருஷம் போனபோது, கொழுந்தன் கல்லறைக்கு மாமியார் சுண்ணாம்பு அடித்து, சுற்றிலும் செவ்வந்தி வைத்திருந்தார். என் கணவர் மெழுகுவர்த்தி வாங்க வாசலுக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். அன்றைக்கு நான் கேட்டேன்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு. நான் தின்னலன்னு உங்ககிட்ட எத்தினி வாட்டி சொன்னேன்?"

அவர் குனிந்து ஒரு பூவைச் சரிசெய்தார். மறுப்பார், இல்லையென்றால் கத்துவார் என்று நினைத்தேன்.

"நெறைய வாட்டி சொன்ன" என்றார்.

"அப்புறம்?"

"கடைசியா இன்னா சொன்ன? கடைசியா சொன்னதுதான் பேச்சு."

என் கணவர் மெழுகுவர்த்தியோடு வந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். காற்று அடித்துக்கொண்டிருந்ததால் பற்றவைக்க நேரமானது. மாமியார் தன் முந்தானையை விரித்து எனக்கும் சேர்த்து மறைப்புக் கொடுத்தார். திரி பிடித்ததும் நான் நகர்ந்துகொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவர் கொடுத்த வேகவைத்த வேர்க்கடலையை வாங்காமல் கிளம்பினேன்.